நூற்று முப்பதாவது அடி

அகஸ்தியன்பள்ளி உப்பளத்துக்குப் பின்னால்
நூற்றெண்பது அடி டவர்.
உச்சியில் சிவப்பு விளக்கு அணைந்து நாலு நாள்.
கார்த்திகை. காலை ஏழரை.
கீழே கயிற்றைப் பிடித்தபடி ஜபருல்லா,
பெல்ட்டில் இரண்டு கொக்கியோடு நான்.

ஒரு கொக்கியை மாட்டாமல்
மறு கொக்கியைக் கழற்றுவதில்லை.
எனக்குத் தெரிந்த தொழில் அவ்வளவுதான்.
மீதியெல்லாம் ஸ்பேனரால் தட்டிக் கேட்பது.

நல்ல இரும்பு ‘ணங்’ என்று சொல்லும்.
எழுபது அடிவரை சொன்னது.
தொண்ணூறில் கொஞ்சம் யோசித்துச் சொன்னது.
நூற்று முப்பதில்
தண்ணீரில் ஊறிய பலகையைத் தட்டினாற்போல்
‘தொப்’.

பெயிண்ட் புதிது. போன மாதம்தான் அடித்திருக்கிறார்கள்.
நகத்தால் கீறினேன்.
அப்பளம்போல் ஒரு சில்லு கையோடு வந்தது.
அதற்கடியில் போல்ட்டின் தலை
பாதிதான் இருந்தது.

வலப்பக்கம் பச்சை,
ஆற்றுத் தண்ணீர் மெலிந்து மெலிந்து வந்து
கடைமடை வாய்க்காலில் நின்றுபோகிற இடம்வரை.
இடப்பக்கம் கீற்று மூடிய உப்புக் குவியல்கள்.
அதுவரை வாடை முதுகில் அடித்துக்கொண்டிருந்தது.
இப்போது இடது காதில் அடித்தது.
எதிரே, கோடியக்கரைக்கு அப்பால், கடல்மேல்
அடுப்புக்கரியால் அழுத்தி இழுத்ததுபோல் ஒரு கோடு.

காதுக்குள் திருச்சி சூப்பர்வைசர்.
எந்த டவரில் தொங்கினேனோ
அதே டவர் வழியாகத்தான் அவர் குரலும் வந்தது.
“இன்னும் அம்பது அடிதானே, வேதையா?”

அம்பது அடிதான்.
தரையில் என்றால் ஒரு டீ ஆறுவதற்குள்
போய்த் திரும்பிவிடலாம்.

“காத்து மாறுது சார். போல்ட்டும் சரியில்ல.”
“போட்டோ எடுத்து அனுப்பு.”
“ரெண்டு கையும் வேலையா இருக்கு சார்.”

ஏறும்போது கை முன்னால் போய்ப் பார்த்துக்கொள்ளும்.
இறங்கும்போது கால்தான் தேடவேண்டும்,
அதற்குக் கண் கிடையாது.
ஜபருல்லா கீழேயிருந்து சொல்லிக்கொண்டே வந்தான்:
“எடது... இன்னும் கொஞ்சம்...
ஆங், வச்சுக்க.”

மண்ணில் நின்றபிறகுதான் தொடை நடுங்கியது.
அவன் எதுவும் கேட்கவில்லை.
கயிற்றைச் சுருட்டினான்.

மழை வரவில்லை.
கரிக்கோடு மத்தியானத்துக்குள் எங்கோ கரைந்துபோனது.
வாடை பழைய பக்கமே திரும்பி வந்து
ஒன்றும் நடக்காததுபோல் வீசியது.
டவர் விழவில்லை.
மறுநாள் நாகப்பட்டினத்திலிருந்து ஒருவன் வந்து
இருபத்தைந்து நிமிஷத்தில்
விளக்கைப் போட்டுவிட்டுப் போனானாம்.
எங்களுக்குக் கூலி இல்லை.

“சரியாத்தானே செஞ்சோம்?”
டீக்கடையில் கேட்டேன்.
ஜபருல்லா வடையைப் பிட்டு,
ஒரு பாதியை என் பக்கம் தள்ளினான்.
“அவன் எந்தக் கால் வழியா ஏறுனான்னு
யாராச்சும் கேட்டாங்களா?”

சட்டைப் பையில் மறந்துவிட்ட அந்தச் சில்லு
துவைத்த பிறகும் போகாத ஒரு கறையாக இருக்கிறது.

ராத்திரி தோப்புத்துறை ரோட்டிலிருந்து பார்த்தால்
விளக்கு தெரிகிறது.
எரியும், அணையும், எரியும்.
அதிலிருந்து கீழே கண்ணாலேயே இறங்கி
அந்த இடத்தைத் தேடுகிறேன்.
இருட்டில் டவரே இல்லை,
விளக்கு மட்டும்
வானத்தில் தனியாக நிற்கிறது.