ஆற்றுக்குள் ஒரு கடை

கூகுள் வரைபடத்தில் என் கடை
கெடிலம் ஆற்றுக்குள் இருக்கிறது.
வாடகை கட்டுவது புதுப்பாளையத்தில்.
சிவப்புக் குறி மட்டும் எப்படியோ நழுவி
நாணலுக்கு நடுவே போய் நிற்கிறது.
"அக்கா, பாலத்துல நிக்கிறேன், கீழ தண்ணிதான் தெரியுது"
வாரத்துக்கு இரண்டு பேராவது கூப்பிடுகிறார்கள்.
மூன்று முறை திருத்தம் அனுப்பினேன்.
உங்கள் பரிந்துரை ஏற்கப்படவில்லை.
பத்துக்குப் பன்னிரண்டு அறை,
உள்ளே நானும் ஒரு தையல் மெஷினும்.
இருக்கிறோம் என்பதற்கு
இன்னும் என்ன சான்று வேண்டுமோ.

ஜன்னலுக்குக் கொசுவலை தைக்கிறேன்.
அளவெடுத்து, ஓரம் மடித்து, வெல்க்ரோ வைத்து
சதுர அடி நாற்பத்தைந்து.

நெல்லிக்குப்பத்துத் தம்பி இளம்பரிதி
கழுத்தில் அட்டை தொங்க வந்தான்.
"ஆன்லைன்ல இல்லாத கடை
ஊர்லயே இல்லாத கடைக்கா.
தினம் ஒரு பதிவு. காலைல பதினொண்ணுக்கு."
இரண்டாயிரம் வாங்கி விளம்பரத்தைத் தள்ளிவிட்டான்.
நானூற்றுப் பன்னிரண்டு லைக்.
சேலத்தில் ஒருவர் இதயம் விட்டார்.
ஷார்ஜாவில் ஒருவர் "சூப்பர் சிஸ்டர்" என்றார்.
ஷார்ஜா ஜன்னலை
எந்த டேப்பால் அளப்பது நான்?

வட்டத்தை ஐந்து கிலோமீட்டராகச் சுருக்கினேன்.
இது யாரும் சொல்லித் தரவில்லை.
ஜன்னலைவிடப் பெரிய வலை
தொங்கத்தான் செய்யும்.

பிறகு வில்வநகரிலிருந்து ஒற்றை நட்சத்திரம்:
"வலை போட்டும் கடிக்குது."
பதில் எழுத உட்கார்ந்தேன், நாலு வரி கோபம் வந்தது,
அழித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.
ஆறு மணிக்கு அவர்கள் கூடத்தில்
நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், வேவு பார்ப்பவள்போல.
ஜன்னல்கள் சரி.
குளியலறை வென்டிலேட்டர்தான்
வாயைப் பிளந்துகொண்டிருந்தது.
ஒன்றரைக்கு ஒன்று. அதையும் தைத்துக் கொடுத்தேன்.
நட்சத்திரம் கூடவில்லை.
பாஸ்வேர்டு மறந்துவிட்டதாம்.

ஆனால் அந்த நாற்காலியில்தான் பிடிபட்டது:
பதினொரு மணிக்கு என் வலை யாருக்கும் வேண்டாம்.
ஆறேகாலுக்கு ஊரே
தன் காலைத் தானே அறைந்துகொண்டிருக்கும்.
மறுநாள் ஆறேகாலுக்கு ஒரே வரி:
"இப்போ கடிக்குதா?"
கீழே என் நம்பர்.
படம் இல்லை, தள்ளுபடி இல்லை.
ஏழு மணிக்குள் பதினாலு அழைப்பு.
ஒவ்வொரு குரலுக்குப் பின்னாலும்
கொசு பேட் பொரியும் சத்தம்.

கார்த்திகையில் ஆறு ஏறியது.
கடைக்குள் முட்டியளவு தண்ணீர்.
மேஜைமேல் மேஜை, அதன்மேல் மெஷின்,
அதன் பக்கத்தில் நான்.
சார்ஜ் தீரும் முன்
ஒருமுறை வரைபடத்தைத் திறந்து பார்த்தேன்.
அந்த இரண்டு நாளும்
அது சொன்னது சரி.

வடிந்த பிறகு வந்ததே கொசு,
அப்படியொரு கொசு.
இளம்பரிதி கூப்பிட்டான்.
"இதான் க்கா சீசன். ரேட்டை அறுபது ஆக்குங்க,
ஆயிரம் ரூபா தள்ளுனா போதும்."
கணக்கு அவன் பக்கம்தான்.
எனக்கும் நனைந்த வலைச்சுருள் பதினோராயிரம் போயிருந்தது.
ஆறேகால். விரல் போன்மேல்.
இப்போ கடிக்குதா என்று
அன்றைக்குக் கேட்க முடியவில்லை.
எதிர்வீட்டு மதிலில்
மெத்தை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் இப்படிப் போட்டேன்:
"சேறு பட்ட வலை, கிழிஞ்ச வலை, கொண்டு வாங்க.
தைக்கக் காசு வேண்டாம்.
வெல்க்ரோவுக்கு மட்டும் உண்டு."
மூன்று லைக்.
அதில் ஒன்று என் வீட்டுக்காரர் கலியவரதன்.

காலையில், கடை திறக்கும் முன்பே, போன்.
"அக்கா, வலை எடுத்துட்டு வந்தேன்.
பாலத்துல நிக்கிறேன்.
ஆத்துக்குள்ள காட்டுது."
"தெரியும்" என்றேன்.
"அங்கயே நில்லுங்க."