ஒரு பக்கத்துக்கு மிகாமல்

வங்கிக் கடன் படிவத்தில் ஒன்பதாவது கேள்வி:
நிறுவனத்தின் வரலாறு, ஒரு பக்கத்துக்கு மிகாமல்.

பெயர்: அருளம்பலம் சகோதரர்கள்.
லொறி, உழவு இயந்திரப் பெட்டிகள், ரிப்பர் பொருத்துதல்.
பரந்தன்.

சகோதரர் இப்போது ஒருவர்தான்.
சித்தப்பா தொண்ணூற்றாறில் வவுனியாவுக்குப் போனவர்.
இறக்குமதிப் பெட்டி விற்கிறார்,
எங்களைவிட நாற்பதாயிரம் மலிவு.
பெயர்ப்பலகையை இரண்டு தரம் புதிதாக எழுதியும்
அப்பா அந்தக் 'கள்'ளை எடுக்கவில்லை.
'கள்ளை விடுறது லேசில்லைத்தான் ஐயா' என்றான் பெயின்ரர்.
அப்பா சிரிக்கவில்லை.
இதைப் படிவத்தில் எழுத முடியாது.

தொடக்கம்: 1971.
இரசாயனத் தொழிற்சாலையில் குழாய் ஒட்டியவர்
அநுராதபுரத்து ஏலத்தில்
ஒரு பழைய பஸ்ஸின் அச்சை எடுத்து வந்தார்.
அடித்தளத்துக்கு முதிரைப் பலகை.
முரசுமோட்டை ஆலைக்காரர்
பாதி விலையை நெல்லாகத் தந்தார்.
முதல் ஆண்டின் லாபத்தை
ஒன்பது மாதம் அவித்துச் சாப்பிட்டோம்.

இலக்கத் தகடு வெட்டியது அம்மா, தவமலர்.
ஒட்டுகிறவனின் கை மாலையில் நடுங்கும்,
அம்மாவுடையது நடுங்காது.
உளியை வைத்து ஒரே அடி.
ஏழை மட்டும் எப்போதும் சற்றே சரித்து வெட்டுவார்.
ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை.

மூலப்பொருள் பெற்ற விதம் என்று ஒரு கட்டம்.
தடைக்காலத்தில் இரும்பு வராது, காபைட் வராது.
ரயில் வராத பாதையில் தண்டவாளம் கிடந்தது.
அதில் சேசிஸ் செய்தோம்,
ஒட்டாமல், துளைபோட்டுத் தறைந்து.
பெட்டி பாரம்; மாடு மாதிரி மெதுவாகப் போகும்;
ஆனால் உடையாது.
பிறகு புதுத் தண்டவாளத்தில் ரயில் வந்த நாளில்
ஊரே நிலையத்துக்குப் போனது.
அப்பா போகவில்லை.
'ரயில்வேக்கு நாங்கள் அரை மைல் கடன்' என்றார்.
கட்டத்தில் எழுதினேன்: உள்ளூர்ச் சந்தை.

செயற்படாத காலம், காரணத்துடன்:
மூன்று அங்குலக் கோடு ஒன்று.
1996 முதல் 2000 வரை. இடமாற்றம்.
2008 ஐப்பசி முதல் 2010 ஆனி வரை. இடமாற்றம்.

வங்கிப் பெடியன் படித்துவிட்டுக் கேட்டான்,
மாத்தறையோ காலியோ, நல்ல தமிழ்:
'அப்ப அங்கேயும் கிளை இருந்ததா?'

நான் யோசித்தேன்.
இருந்தது.
மல்லாவியில் ஒரு பள்ளிக்கூட வளவு, மூன்றரை வருடம்.
தருமபுரத்தில் ஒரு மருதின் கீழ், இரண்டு கிழமை.
விசுவமடுவில் நான்கு நாள்:
அச்சு முறிந்த பெட்டிகள் வரிசையில் நின்றன,
பெட்டிகளுக்கு மேல் கட்டில், கோழிக்கூடு, தையல் மெசின், ஆட்கள்.
அப்பா காசு வாங்கவில்லை என்று சொல்ல ஆசை.
வாங்கினார்.
காசில்லாதவர்களிடம் மண்ணெண்ணெய் வாங்கினார்.
சுதந்திரபுரத்தில் ஒரு பகல்.
அதற்குப் பிறகு கருவிப்பெட்டியைச் சுமக்க
எங்கள் வீட்டில் ஆள் குறைவு.

'ஆறு கிளை இருந்தது' என்றேன்.
அவன் ஆறு என்று எழுதினான்.

போன மாசி, விசாலினி என்று ஒரு பிள்ளை
உருத்திரபுரத்திலிருந்து பழைய பெட்டி ஒன்றை இழுத்துவந்தாள்.
மணல் ஏற்ற ரிப்பராக்க வேண்டுமாம்,
ஜக் பூட்டி, பின்கதவு மாற்றி.
ஆறு தரம் பூசிய பெயின்ரை அரத்தால் சுரண்டினேன்.
நூற்றேழு. சரிந்த ஏழு.
பக்கத் தகட்டில் துளைகள்; எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.
விலை சொன்னேன். கூட என்றாள்.
'இதுக்குள்ளதான் அக்கா நான் பிறந்தனான்,
வலைஞர்மடத்தில. கொஞ்சம் குறையுங்கோ.'

ஐந்து வீதம் குறைத்தேன்.
அந்த வாதத்துக்கு இவ்வளவுதான் கட்டும்;
இரும்பு விலை அப்படி.

துளைகளை அடைக்கவா என்று கேட்டேன்.
'மணல் கொட்டும்தானே, பின்ன?'

படிவத்தில் இன்னும் நான்கு வரி இடமிருந்தது.
கடன் கிடைத்தால் முதலில்
வளைக்கும் இயந்திரம். பிறகு ஒரு நல்ல கூரை.
இலக்கம் வெட்ட இப்போது நான்தான்.
ஏழு எனக்கு நேராக வருகிறது,
எத்தனை தரம் சரித்து வெட்டினாலும்.