ஒன்பதடி

அத்திவாரக் கயிறு
பாலையின் அடியில் முட்டி நின்றது.
"ஒரு மரம்தானே அக்கா" என்றார்
மேசன் பவளராசா.
வீட்டுத்திட்டப் படத்தில்
எந்த மரமும் இல்லை.

ஒலுமடுவிலிருந்து வந்த மரக்காலைக்காரன்
பட்டைத் தழும்பைத் தடவினான்.
"உள்ளுக்க செல் துண்டு. வாள் உடையும்."
சைக்கிளைத் திருப்பிவிட்டான்.

முளைகளைப் பிடுங்கி
ஒன்பதடி மேற்கே அறைந்தேன்.
முன்முற்றம் போனது,
போகட்டும்.

மீதி நிழலைச் சுற்றி முள்ளுக்கம்பி.
உள்ளே மணல் பறிக்கக்கூடாது,
சீமெந்துத் தாச்சி கழுவக்கூடாது,
ட்ரக்டர் திருப்பக்கூடாது.
கல் ஏற்றி வந்த பெடியன்
கம்பிக்கு வெளியே காலை ஊன்றிக் கேட்டான்:
"இன்னும் வெடி எடுக்கேல்லையோ?"
"வேர் கிடக்கு" என்றேன்.
அவன் காலை இன்னும் கொஞ்சம்
பின்னுக்கு எடுத்தான்.

தெற்கு மூலைக் கிடங்கில்
கைமொத்தத்தில் ஒரு வேர்.
பவளராசா பிக்காசை வைத்துவிட்டு
விரலால் மண் கிளறினார்.
வேரைத் தொடாமல்
மேலால் ஒரு பீம் போட்டார்.
கம்பிக்காசு மட்டும் கேட்டார்,
அதையும் முகம் பார்க்காமல்.

ரி.ஓ. வந்து அளந்தார்.
'ஒன்பதடி பிழை'
என்று எழுதி முடிக்கும்வரை
வெயிலுக்கு ஒதுங்கி
பாலையின் கீழ்தான் நின்றார்.