ஏழு நாள் விலை

செம்பு மறுபடி ஏறிவிட்டதாம்.
பல்லடம் மில்லுக்குப்
போன வாரம் கொடுத்த கொட்டேசன்
இந்த வாரம் என் கைக்காசு.

பெருந்துறையில் இரண்டு நாள் சோலார் பயிற்சி.
மத்தியானம் தக்காளிச் சோறு, மாலை ஒரு சான்றிதழ்.
பின்வரிசையில் சென்னிமலை ஒயர்மேன் எழுந்தான்:
"ஏனுங் மேடம், மெயினை ஆஃப் பண்ணுனாப் போதுமுங்களா?"

பூங்கோதை மேடம் சிரிக்கவில்லை.
"தகட்டுக்கு அது தெரியாதுங்க.
வெயில் இருக்கிற மட்டும்
ஒயருக்கு உசிரு இருக்கும்."

இருபத்திரண்டு வருசம்
அணைத்துவிட்டுத் தொட்டே பிழைத்த கை
நோட்டில் இரண்டு முறை அடிக்கோடிட்டது.

திரும்பும் பஸ் விஜயமங்கலம் தாண்டுகையில்
மில்லிலிருந்து போன்:
"ரேட்டைக் கொஞ்சம் பாத்துப் போடுங்க."

கூரை கூரையாகச்
சும்மா கொட்டிக் கிடந்தது வெயில்.

கொட்டேசன் அடியில் இனி எழுத வேண்டும்:
இந்த விலை
ஏழு நாளைக்குத்தான்.