நூற்று எழுபது சென்டிமீட்டர்

மத்தர் என்றால் அரபியில் மழை.
வருடத்துக்கு இரண்டு நாள் மழை பெய்கிற ஊரில்
இருபத்து மூன்று வருடம் அவர்தான் பலதியாவின் தலைவர்.
அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம்
அளவு நாடாவின் ஒரு முனை அவர் கையில்,
மறு முனை என் கையில்.

ராஸ் மில்ஹின் பழைய கடைவீதியிலிருந்து
முதலில் வங்கிகள் நெடுஞ்சாலைக்குப் போயின.
பின்னாலேயே துணிக்கடைகள். கடைசியில் தங்கம்.
தங்கம் போன தெருவுக்குக் காரியம் முடிந்தது என்பார்
காபிட்டீரியா ஹம்சக்கோயா.
மிச்சம் அவரும், இரண்டு தையல்காரர்களும்,
மாடிகளில் நாங்களும்:
அறைக்குப் பதினான்கு பேர்,
ஒரே ஜன்னல், அதை அடைத்துக்கொண்டு ஏசி.

ஆலோசகர்கள் பளபளக்கும் படங்களோடு வந்தார்கள்.
கண்ணாடிக் கோபுரம், நடுவே படகு விடும் கால்வாய்.
அவர் தேநீர்க் குவளையைக் கால்வாயின் மேல் வைத்துவிட்டு
"இதில் வெயில் எங்கே?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் மாதம், மதியம் ஒரு மணி,
கந்தூராவைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி
மத்தர் பின் கல்ஃபான் தெருவில் நிழலை அளப்பார்.
"எழுது. இங்கே நாற்பது சென்டிமீட்டர்.
சுவரை ஒட்டிப் பக்கவாட்டில்தான் போக முடியும்.
நண்டுக்கா கட்டினோம் இந்தத் தெருவை?"

கூரை வந்தது. அதற்கு முன்னால்
பலதியா ஆபீசே நெடுஞ்சாலையை விட்டு வந்தது,
மூடிக் கிடந்த ஒரு நகைக்கடையின் மாடிக்கு.
கார் நிறுத்த இடமில்லை என்று உறுப்பினர்கள் சபித்தார்கள்.
உரிமம் வேண்டுமா, நடந்து வா என்றார்.
வந்தார்கள். வந்தவனுக்குத் தாகம் எடுத்தது,
நகல் எடுக்க வேண்டியிருந்தது,
மனு எழுத ஆள் வேண்டியிருந்தது.
ஆறாம் வருடம் தங்கம் திரும்பியது:
ஒரு ஜன்னல், பத்தொன்பது வளையல்.
ஹம்சக்கோயா எண்ணிவிட்டு வந்து சொன்னார்.

எங்கள் கட்டடத்தை இடிக்கும் உத்தரவில்
அவர் கையெழுத்து.
சுவரில் சிவப்பு எண் எழுதியது நான்.
நாற்பது கிலோமீட்டர் தள்ளி முகாம்,
போக வரப் பஸ்.
ஒரு வாரம் அவரிடம் நான் வாய் திறக்கவில்லை.
அதை அவர் கவனித்தாரா, தெரியாது.

அப்புறம் ஒரு நாள் பட்டறையில்
மர மாதிரி ஒன்றைக் காட்டி, "படு" என்றார்.
படுத்தேன்.
"நூற்று அறுபத்தெட்டு. செருப்புக்கு இரண்டு சேர்."
அப்படித்தான் எண்பத்து நான்கு பெஞ்சுகள் வந்தன.
வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்திறங்குகிறவன்
எங்கே முதுகைச் சாய்ப்பான் என்று
என்னிடம் கேட்கவில்லை, பெஞ்சைக் கேட்டார்.
அது மன்னிப்பா?
கோப்பில் அப்படியொரு கட்டம் இல்லை.

வெள்ளி மாலைகளில் நாலாயிரம் பேர்:
முடிவெட்டு, சிம் கார்டு, ஊருக்குப் பணம்,
சும்மா நிற்பது.
கூட்டம் கண்ணை உறுத்துகிறதென்று ஓட்டல்காரர் எழுதிய கடிதத்துக்கு
அவர் சொல்ல நான் எழுதிய பதில் ஒரு வரி:
கூட்டம் இல்லாத தெருவுக்குப் பெயர் புகைப்படம்.

அவர் ஓய்வு பெற்றார்.
புதியவர் நல்லவர், இளைஞர், என்னை உட்காரச் சொல்கிறார்.
போன மாதம் உத்தரவு வந்தது:
பெஞ்சு ஒவ்வொன்றின் நடுவிலும் எஃகுக் கைப்பிடி ஒன்று.
நாடாவின் மறு முனையை விளிம்பில் மாட்டி
எண்பத்தைந்தில் சாக்கட்டியால் கோடு போட்டேன்.
படுத்தால் சரியாக என் இடுப்பெலும்பு.

நேற்று வந்திருந்தார், கையில் தடி.
எஃகைத் தடவிப் பார்த்தார்.
"எத்தனையில்?"
"எண்பத்தைந்து."
பேசாமல் இருந்தார்.
எழ முயன்றபோது முழங்கால் மறுத்தது.
கைப்பிடியை வெகுநேரம் பார்த்தார்.
பிறகு அதைப் பற்றிக்கொண்டுதான் எழுந்தார்.

மீன் சந்தைக்குப் பின்னால் ஒரு பெஞ்சு
என் கணக்கில் விட்டுப்போயிருக்கிறது.
எண்பத்து மூன்று கைப்பிடிகள் வந்தன, யாரும் எண்ணவில்லை.
அவரிடமும் நான் சொல்லவில்லை.
திரும்புகிற வழியில் பார்த்தேன்,
யாரோ தூங்கிக்கொண்டிருந்தான்,
செருப்பைத் தலைக்கு வைத்து.