கேட் போட்ட நேரம்

நீடாமங்கலத்தில் கேட் போட்டால் இருபது நிமிஷம்,
எஞ்சின் மாற்றினால் நாற்பது.
அதற்குள் எட்டுக் காலேஜ் ஃபுட்பால் டீமுக்கும்
உரக்கடை பில்லின் பின்பக்கம்
தலையெழுத்து எழுதிவிடுவோம்.

கும்பகோணம்தான் முதல் என்றான் நைனா முகமது.
போன வருஷமும் அதையே சொன்னவன்.
போன வருஷம் அவர்கள் அரையிறுதியில் தோற்று
ஜெர்சியோடு பஸ் ஏறியதை
அவன் மறந்தாலும் நாங்கள் விடுவதில்லை.

"சென்டர் ஃபார்வர்டுக்கு முட்டியில ஜவ்வு போச்சு,
என் மச்சினன்தான் ஸ்கேன் பார்த்தான்."
பக்கிரிசாமியின் மச்சினன் ஸ்கேன் சென்டரில்
டோக்கன் கொடுப்பவன்.
ஆனாலும் கும்பகோணத்தை மூன்றாவதுக்கு இறக்கினோம்.

தண்ணி கடைமடைக்கு எப்ப வரும் என்றால்
தேதி சொல்லப் பயப்படுகிற ஆட்கள்.
பாமணியாற்றில் இன்னும் மணல்தான்;
மன்னார்குடிப் பையன்கள் அதில்தான் ஓடிப் பழகுகிறார்கள்.
பந்துக்கு மட்டும் கணக்கு சுத்தம்:
டிசம்பர், ஃபைனல், இரண்டுக்கு ஒன்று.

மன்னார்குடி எட்டாவது. அதில் சண்டையே இல்லை.
'கோல்கீப்பர் செலியன், ஓட்டைக் கை'
என்று எழுதியது நான்.

பைக்கை அணைத்துவிட்டுப் பின்னால் நின்றவன்
"பேனா குடுங்கண்ணே" என்றான்.
எட்டைத் தொடவில்லை.
ஓட்டைக் கையையும் அடிக்கவில்லை.
லி-யை அடித்து ழி போட்டான்,
தாள் கிழிகிற மாதிரி அழுத்தி.

கேட் தூக்கியது. எல்லா ஹாரனும் ஒரே சமயம்.
நைனா பில்லைப் பிடுங்கி
எட்டை அடித்து ஐந்து போட்டான்.

"ஆறு" என்றான் பக்கிரிசாமி,
கிக்கரை உதைத்துக்கொண்டே.