மூன்று ரீல்

திசையன்விளை தவசிமுத்து கடையில்
மூன்று ரீல் வாங்கி வந்திருந்தார் சந்தியாகு.
வேண்டாததைத் திருப்ப ஒரு வாரம் தவணையாம்.
"நூல் சங்கதி உனக்குத்தானே தெரியும், நீயே சொல்லு"
என்று தையல் மெஷின்மேல் வைத்துவிட்டு
நாலரை வண்டிக்கு டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார்.

உவரியில் பாதிப் பள்ளிக்கூடத்துக்குப்
பாவாடை மடிப்பு வைப்பவள் நான்.
மீனை எனக்குக்
குழம்பில் கிடக்கும்போதுதான் பழக்கம்.
ஆனாலும்
நூல் நூல்தானே.

முதல் ரீல் கிளிப்பச்சை.
டப்பாவில் வாய் பிளந்த சுறா,
ஐம்பது பவுண்டு, எட்டுப் புரி.
ஊசிமுனையால் பிரித்துப் பார்த்தேன்,
நாலுதான் வந்தது.
இன்னும் நாலு சுறாவின் வயிற்றில் போலிருக்கு.
ஈரத்துணியில் வைத்து இழுத்தேன்,
துணி பச்சை, நூல் வெளுப்பு.
விரலிடுக்கில் உருட்டினால் உருளாமல்
நாடாவாட்டம் மல்லாந்து படுக்குது.
இதைக் கச்சான் காற்றில் வீசினால்
வீசினவர் கழுத்தில்தான் வந்து விழும்.

இரண்டாவது சாம்பல்.
பேர் பெரிசு, விலை அதைவிடப் பெரிசு.
மெழுகு பூசின வழவழப்பில்
நான் போட்ட முடிச்சு
கடன்காரனைக் கண்டவன்போல
மெல்ல நழுவிப் போனது.
ஏழு சுற்றுச் சுற்றி
எச்சில் தொட்டு இறுக்கினேன்.
நின்றது.

மூன்றாவதில் படமே இல்லை.
இருபது பவுண்டு என்று மட்டும் ஒரு சீட்டு,
அதுவும் பாதி அழிந்து.

முருங்கைக் கிளையில் தொங்கவிட்டால்
நூலுக்கு முன்னே மரம் ஒடியும்.
வேம்பில் கட்டினேன், பெயிண்ட் வாளியை.
லிட்டர் லிட்டராய் ஊற்றினேன்,
ஒரு லிட்டர் ஒரு கிலோ,
பள்ளிக்கூடக் கணக்குக்கு இத்தனை நாள் கழித்து ஒரு வேலை.
பச்சை ஒன்பதில் அறுந்தது.
சேலையெல்லாம் தண்ணீர்.
சாம்பல் இருபதுக்கும் அசையவில்லை,
வாளியின் பிடிதான் கழன்று வந்தது.
படமில்லாதது
பதினொன்றுவரை தாங்கி அப்புறம் விட்டது.
சொன்னது ஒன்பது கிலோ,
நின்றது பதினொன்று.

இரவு சோறு போடும்போது சொன்னேன்.
"இது போதும். ஒல்லி, காற்றைப் பிடிக்காது.
சொன்ன வாக்குக்கு மேலேயே நிக்குது.
ஆனா இழுவைக்குத்தான் பின்னல்,
கல்லுக்கு ஆகாது.
முன்னால ரெண்டு பாகம் தங்கூசி சேருங்க."
"தெரியும் தெரியும்" என்றார்,
மீன்முள்ளை ஒதுக்கிக்கொண்டே.

சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணி.
தூண்டில் வளைவின் நுனியிலிருந்து போன்.
"ஏட்டி, பிடிச்சிட்டு! பாறை!
சோநீவாட்டுல இழுக்கான் பாரு!"
ரீல் கதறுவது காதில் விழுகிறது,
அலை, யாரோ விசில்,
அவர் மூச்சு.
நான் இருட்டில் எழுந்து உட்கார்ந்து
என் கையையும் இறுக்கி மூடிக்கொண்டேன்,
ஏனென்று தெரியவில்லை.
அப்புறம் அலை மட்டும்.
"கல்லு" என்றார்.

நூலைக் குறை சொல்லித்தான்
ஞாயிறு பூசைக்குக் கிளம்பினார்.
அறுந்த முனையைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பார்த்தேன்.
இழுத்து அறுந்தால்
துடைப்பம்போல நாலாபக்கமும் விரியும்.
இது ஒருபக்கமாய்த் தேய்ந்து
மறுபக்கம் கத்தரித்ததுபோல் இருந்தது.
அவர் சட்டையைத் துவைக்க எடுத்தேன்.
பையில் தங்கூசிச் சுருள்,
கடைக்காரர் போட்ட முடிச்சு அவிழாமல்.
ஒன்றும் சொல்லவில்லை.
சட்டையோடு மடித்து
அலமாரியில் மேலாக வைத்தேன்.

சாம்பல் திரும்பப் போனது.
பச்சையைத் தவசிமுத்து எடுக்கமாட்டேன் என்றுவிட்டார்,
நுனி பிரிந்திருக்காம்.
ஆகட்டும்.
கண்டக்டர் பையின் வார்
ரெண்டு மாசமாய்ப் பிய்ந்து தொங்கியது.
பச்சையை இரட்டையாய்க் கோத்து
பதினாறாம் நம்பர் ஊசியில்
குறுக்கும் நெடுக்கும் அடித்தேன்.

இப்போது நாலரை வண்டியில்
நாங்குநேரி தாண்டிச் சில்லறை கனக்கும்போது
அந்தப் பொய்தான்
அவர் தோளில் பிடித்துக்கொண்டு போகிறது.